மனைவி: ரூபினா

காரமடைப் பக்கம் யாராவது செத்துப்போனால் முதல் தகவல் சொந்தக்காரர்களுக்குப் போகும், இரண்டாவது தகவல் சசிதர் ஃபிளெக்ஸ் கடைக்குப் போகும். பாடை கட்டுகிறவருக்குக்கூட அதற்கப்புறம்தான். விடிகாலையில் உயிர் போனதென்றால் பத்து மணிக்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் வாசலில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது என்று ஊர் பேசும். இருந்தபோது அவருக்கு மரியாதை இருந்ததா என்பதை ஊர் பேசாது.

அந்தக் கடையில் பதினோரு வருடமாக டிசைனர் வேலை பார்ப்பவள் ரூபினா. மற்ற கடைகளில் எல்லாச் சாவுக்கும் 'இமயம் சரிந்தது' என்ற ஒரே வசனம்தான். ரைஸ்மில் முதலாளி செத்தாலும் இமயம் சரியும், அதே மில்லில் மூட்டை தூக்கியவர் செத்தாலும் இமயம் சரியும். ரூபினா அப்படி விடமாட்டாள். பேனர் சொல்ல வருகிறவர்களை உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்பாள். காலையில் எழுந்ததும் யாரைக் கூப்பிடுவார்? எதற்குக் கோபம் வரும்? சாப்பாட்டில் எதை ஒதுக்கிவைப்பார்? அழுதுகொண்டே வந்தவர்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது சிரித்துவிடுவார்கள். அதிலிருந்து ஒரு வரி எடுத்துப் படத்துக்குக் கீழே போடுவாள். டீக்கடை கருப்பாத்தாள் செத்தபோது 'இந்தத் தெருவின் எல்லா நாய்களுக்கும் பெயர் வைத்தவர்' என்று போட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி நின்று படித்துவிட்டுப் போனார்கள். சிறுமுகையிலிருந்தும் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்தும் அவளைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

அதெல்லாம் எட்டு மாதத்துக்கு முந்தைய கதை. எட்டு மாதத்துக்கு முன்பு அவள் கணவன் இல்யாஸ் இறந்துபோனான்.

அன்றைக்கு அவள் அழவில்லை. நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்த இத்தா காலத்திலும் அழவில்லை. மாமியார் சாஜிதா பேகம்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதார். நடுநடுவே மருமகளை நிமிர்ந்து பார்ப்பார், பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். ரூபினா ஒன்றும் நெஞ்சழுத்தக்காரி இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அவளுக்கு எல்லாமே அப்படி இருந்தது. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, ஆறாவது படிக்கும் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். தனக்கு ஏதோ கோளாறு என்று மட்டும் தெரிந்தது. அதைப் பற்றிக் கவலைப்படவும் அவளுக்கு வரவில்லை.

இத்தாவின் முதல் வாரத்திலேயே தொடங்கி, வெளியே வந்தபிறகும் அவளுக்கு வாய்த்த வேலை படிவம் நிரப்புவது. இறப்புச் சான்றிதழுக்கு ஒன்று, வாரிசுச் சான்றிதழுக்கு ஒன்று, வங்கிக்கு, ரேஷன் கார்டுக்கு, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை மாற்றுவதற்கு, மகள் பள்ளிக்கூடத்துக்கு. எல்லாவற்றிலும் இறந்தவர் பெயர் என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே மனைவி பெயர் என்று ஒரு கட்டம். இல்யாஸ். ரூபினா. இல்யாஸ். ரூபினா. எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. எழுதினாளே தவிர, அவர் இறந்துவிட்டார் என்று அவள் வாய்திறந்து யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அவசியமும் வரவில்லை. காகிதத்தை நீட்டினால் போதும், அவர்களே படித்துக்கொள்வார்கள்.

கடைக்குத் திரும்பியபிறகு அவள் அந்த மூன்று கேள்விகளைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் இமயத்தையே சரித்துவிட்டாள். அது வேறு கதை, ஆனால் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அரங்கசாமியின் பேனர் வந்தது. வெள்ளியங்காடு போகிற வழியில் வாழைத்தோட்டம் வைத்திருந்தவர். வீட்டுக்குள் தெலுங்கும் வாசலைத் தாண்டினால் தமிழும் பேசுகிற நாயுடு குடும்பம், கடை முதலாளி சசிதருக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. அரங்கசாமியின் தம்பி மகன் வம்சி போட்டோவையும் முப்பத்தேழு பேர் கொண்ட பட்டியலையும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். மகன்கள், மருமகள்கள், தம்பி, தங்கை, பேரன் பேத்தி, அமெரிக்காவில் பிறந்து ஆறு மாதமே ஆன கடைசிப் பேத்திவரை ஒருவரையும் விடவில்லை. மனைவி என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டு, 'பேரு அப்புறம் சொல்றேன்' என்று எழுதியிருந்தான். அவனுக்கு அவர் பெத்தம்மா, அதாவது பெரியம்மா. பிறந்ததிலிருந்து அப்படியே கூப்பிட்டுப் பழக்கம். கோமளாவா கோமளவல்லியா என்று நிச்சயமில்லை. பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் உங்க பேரென்னங்க என்று எப்படிக் கேட்பான்? பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டவன் சுத்தமாக மறந்துபோனான்.

ரூபினா பட்டியலை எடுத்து ஒட்டினாள். மனைவி என்ற இடத்துக்கு வந்தபோது அவள் விரல்கள் நிற்கவில்லை. எட்டு மாதமாக அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எதை எழுதினவோ அதையே எழுதின. அவள் கண் திரையில்தான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

சரிபார்க்க வம்சிக்கு அனுப்பினாள். அவன் தன் பெயரைத் தேடிப் பார்த்து ஓகே போட்டான். அரங்கசாமியின் மகன்கள் இரண்டு பேரும் தங்கள் தங்கள் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் பார்த்து ஓகே சொன்னார்கள். பேனரை எல்லோரும் அப்படித்தான் படிப்பார்கள், இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பத்து மணிக்கு ஒரு பேனர் வீட்டு வாசலிலும் இன்னொன்று பஸ் நிறுத்தத்திலும் ஏறின. அரங்கசாமி கைகூப்பிச் சிரித்தார். கீழே, துயரத்தில் வாடும் குடும்பத்தார் என்ற தலைப்பில் முதல் வரி: மனைவி: ரூபினா.

கண்டுபிடித்தவர் வெங்கடலட்சுமி. அரங்கசாமியின் தங்கை, அவிநாசியில் வாழ்க்கைப்பட்டவர். ஆண்கள் பிணத்தை எடுத்துக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தபிறகு, சாயங்காலம் காபி டம்ளரும் கையுமாகப் பேனருக்கு முன்னால் நின்று தன் பெயரைத் தேடினார். தன்னை மருமகள்களுக்கும் கீழே போட்டிருப்பார்களோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். மேலிருந்து தேட ஆரம்பித்ததால் முதல் வரியிலேயே கண் மாட்டிக்கொண்டது.

அரைமணி நேரத்தில் பேனரைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அதற்குள் பஸ் நிறுத்தத்துப் பேனரைப் போட்டோ எடுத்து எத்தனையோ பேர் எங்கெங்கோ அனுப்பியிருந்தார்கள். அரங்கசாமி வாரத்துக்கொரு தடவை வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவார், சில வாரம் அங்கேயே தங்கிவிட்டு மறுநாள்தான் வருவார். நாற்பது வருடமாக யாருக்கும் உறுத்தாத அந்த விஷயம் அன்று இரவே எல்லோருக்கும் உறுத்திவிட்டது. மேட்டுப்பாளையத்தில் ஒரு துலுக்கச்சியை வைத்திருந்தாராம், நிக்காஹ்கூட ஆகியிருக்கிறதாம், சாகும்போது பேனரில் அவள் பேர்தான் வரவேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டாராம். ஊருக்குக் கதை கட்டச் சொல்லித்தர வேண்டுமா?

வெள்ளிக்கிழமை காலை சசிதர் கடையைத் திறந்ததும் ரூபினாவைக் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அவர் சத்தத்தைக் குறைத்தால்தான் பயப்பட வேண்டும்.

"என்ன காரியம் பண்ணிப்போட்டே அம்மணி? அந்தம்மா ரெண்டு நாளா வாயே தொறக்கலியாம். சோறு தண்ணி இல்ல. இனி இருக்கற காலமெல்லாம் அவங்க இந்த ஊருக்குள்ள மூத்த பொண்டாட்டின்னு பேரு வாங்கிட்டுக் கெடக்கோணும். நல்லாருக்குதா?"

"தப்புதானுங்க அண்ணா."

"எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது? அங்க வந்து சொல்லு. அந்த ரூபினாவைக் கண்ணுல காட்டுங்கன்னு அவங்க நாத்தனா ஒத்தக்கால்ல நிக்கறாங்க. எல்லாருக்கும் முன்னால நின்னு, நான் கடையில டைப் அடிக்கறவ, அவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு சொல்லிப்போடு. அத நீ சொன்னாத்தான் ஊரு வாய அடைக்க முடியும். அது அடங்கலீன்னா, நான் உன்னய வெச்சுக்க முடியாது அம்மணி. எங்க ஆளுக ஒருத்தரும் இந்தக் கடைப்படி ஏற மாட்டாங்க."

ரூபினா தலையாட்டினாள். வேலை போய்விட்டால் மகளும் மாமியாரும் என்ன ஆவார்கள் என்று அவளுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் வாழ்நாள் முழுக்கப் போகாத ஓர் அவமானத்தைத் தூக்கி வைத்துவிட்டோம் என்பதும் தெரியும். மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டுக் சசிதரின் காரில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டு வாசலில் பந்தல் இன்னும் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது முப்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புப் பர்தாவோடு ரூபினா காரிலிருந்து இறங்கியதும் பேச்சு நின்றது. பிறகு தெலுங்கில் ஆரம்பித்தது. வயது குறைவாக இருக்கிறாளே என்றார் ஒருவர். அவர் ரசனைக்காரர் அல்லவா என்றார் இன்னொருவர். பதினோரு வருடம் சசிதர் கடையில் உட்கார்ந்தவளுக்கு அவ்வளவு தெலுங்கு புரியாதா? புரிந்தது. யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டே படியேறினாள்.

உள்ளே கூடத்தில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் ஓரமாக அரங்கசாமியின் படம், மாலை, விளக்கு. அதற்குப் பக்கத்தில் கோமளா. அறுபத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, சிவந்து வீங்காத கண்கள். அந்தக் கண்களைப் பார்த்ததும் ரூபினாவுக்கு ஒன்று புரிந்தது. இந்த அம்மாவும் அழவில்லை.

"வந்துட்டாளாக்கும்!" என்றார் வெங்கடலட்சுமி. "ஏம்மா, நீதான் அந்த ரூபினாவா? எங்கண்ணன் பேனர்ல உன்ற பேரு எப்படி வந்துச்சு? எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

சசிதர் வாசல்படியில் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் வம்சியும் இன்னும் நாலைந்து ஆண்களும் எட்டிப்பார்த்தார்கள்.

"நானுங்க, அண்ணன் கடையில டைப் அடிக்கறேனுங்க," என்றாள் ரூபினா. குரல் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "தப்பு என்னோடதுதானுங்க. இவரை நான் பாத்ததுகூட இல்லீங்க. மனைவி பேருங்கற எடம் காலியா இருந்துச்சுங்க. கை தன்னால என்ற பேரை அடிச்சுப்போட்டுதுங்க."

"அதெப்படித் தன்னால அடிக்கும்? காலியா இருந்தாக் காலியா உடறது. நானும்தான் பேங்குல எத்தனையோ பாரம் எழுதறேன். ஊரான் ஊட்டுப் பாரத்துல என்ற பேரையா எழுதறேன்?"

"எட்டு மாசமா அதையே எழுதிட்டு இருந்தேனுங்க. அந்தப் பழக்கத்துல..."

"எதுக்கு எழுதுனே? என்ன எட்டு மாசம்?"

இதற்குப் பதில் ஒன்றுதான். சின்னப் பதில். அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் விளங்கிவிடும், கோமளாவின் பெயர் தப்பிக்கும், இவள் வேலையும் தப்பிக்கும். ரூபினா வாயைத் திறந்தாள். "என்ற ஊட்டுக்காரரு," என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. படிவத்தில் எத்தனையோ தடவை எழுதிய வார்த்தை தொண்டைக்குக் கீழே எங்கேயோ உட்கார்ந்துகொண்டு மேலே வரமாட்டேன் என்றது. அவள் நின்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் சும்மா நிற்க நிற்கக் கதைக்குக் கால் முளைத்துக்கொண்டிருந்தது, அது அவளுக்கும் தெரிந்தது.

"காலியா இருந்துச்சா?"

கேட்டது கோமளா. இரண்டு நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. கூடம் அப்படியே திரும்பியது.

"ஆமாங்க," என்றாள் ரூபினா.

கோமளா வாசல்பக்கம் பார்த்தார். "வம்சி, எத்தன பேரு எழுதுனே கண்ணு?"

"முப்பத்தேழு பெத்தம்மா," என்றான் அவன். "இல்ல பெத்தம்மா, நான் அப்புறம் கேட்டுச் சொல்லலாம்னுதான்..."

"நாப்பத்தாறு வருசம் உங்களுக்கெல்லாம் சோறு போட்டேன்," என்றார் கோமளா. கோபமாகச் சொல்லவில்லை, மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார். "இந்தப் புள்ள பேரு இருந்ததாலதான் எல்லாரும் பாத்தீங்க. அந்த எடம் காலியாவே இருந்திருந்தா, இந்நேரம்வரைக்கும் ஒருத்தரும் பாத்திருக்க மாட்டீங்க."

வெங்கடலட்சுமி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அதுக்கில்ல வதினா," என்று அண்ணியிடம் ஏதோ ஆரம்பித்து நிறுத்தினார்.

"இப்படி வந்து உக்காரு அம்மணி," என்று கோமளா தன் பக்கத்துப் பாயைக் காட்டினார். ரூபினா உட்கார்ந்தாள். "உன்ற ஊட்டுக்காரரு பேரென்ன?"

"இல்யாஸுங்க."

"என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"டாடா ஏஸ் ஓட்டிட்டிருந்தாருங்க. மேட்டுப்பாளையம் மண்டியில உருளைக்கெழங்கு லோடு."

"எப்படிப் போனாரு?"

எட்டு மாதத்தில் இதை யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது, தெரியாதவர்கள் காகிதத்தில் படித்துக்கொண்டார்கள். ரூபினா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"லோடு ஏத்தறதுக்கு வண்டியப் பின்னால எடுத்து நிறுத்திப்போட்டு, சீட்டுலயே உக்காந்திருந்தாருங்க. தலையச் சாச்சுட்டு இருந்தாராம். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டுன மனுசன், தூங்கட்டும்னு எழுப்பாம உட்டுட்டாங்க. சத்தம் போடாம ஏத்துங்கடான்னுகூட ஒருத்தர் சொன்னாராமுங்க. முப்பது மூட்டையும் மெதுவா ஏத்தியிருக்கறாங்க. ஏத்தி முடிச்சுக் கவுறு கட்டிப்போட்டுத்தான் போயித் தட்டியிருக்கறாங்க." அவள் நிறுத்தினாள். "அப்பவே செத்துப்போயிருந்தாருங்க. என்ற ஊட்டுக்காரரு செத்துப்போயிட்டாருங்க அம்மா."

அந்த வார்த்தை வெளியே வந்ததும் அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. முதலில் ஒரு சத்தம். அது தன்னுடையது என்றே ரூபினாவுக்குத் தெரியவில்லை. பிறகு அவள் முன்னால் சரிந்து பாயில் தலையை வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஓவென்று அழுதாள். எட்டு மாதத்து அழுகை. வெட்கம் மானம் பார்க்காத அழுகை. கூடம் அதிர்ந்தது, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த பெண் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். அவள் இல்யாஸ் பேரைச் சொல்லித்தான் அழுதாள், ஆனால் அந்தக் கேவலில் எந்தப் பேர் யாருக்குக் கேட்டிருக்கும்? அரங்கசாமி படத்துக்கு முன்னால் பர்தா போட்ட ஒருத்தி விழுந்து புரண்டு அழுகிறாள். கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பந்தலில் இருந்த ஆண்கள் எல்லோரும் எழுந்து வந்து எட்டிப்பார்த்தார்கள். ஒருவர் கைபேசியை எடுத்தார்.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று தெலுங்கில் ஒரு குரல்.

வெங்கடலட்சுமி பதறிப்போனார். "ஏ, எந்திரி, எந்திரி. வதினா, மொதல்ல இவள எழுப்பி அனுப்புங்க. இல்லைன்னு சொல்லறதுக்கு வந்தவ இப்படி அழுதா, பாக்கறவன் என்ன நெனைப்பான்? உங்க மானம்தான் போகும்!"

சசிதர் உள்ளே வந்து குனிந்தார். "ரூபினா, போதும் அம்மணி. வா, கெளம்பலாம்."

அவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. நிறுத்த வேண்டும், எழுந்திருக்க வேண்டும், இந்த அம்மாவுக்கு இரண்டாவது தடவையும் கெடுதல் செய்துகொண்டிருக்கிறோம் என்றுகூடத் தெரிந்தது. எழ முயன்றாள். உடம்பு கேட்கவில்லை.

அப்போது அவள் முதுகின்மேல் ஒரு கை வந்து அழுத்தியது. சமையலில் காய்ந்துபோன, கனமான கை.

"யாரும் அவளத் தொடாதீங்க," என்றார் கோமளா. "அழுகட்டும்."

"வதினா, ஊரு என்ன பேசும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுது. பேசட்டும்." கோமளா வாசலில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எந்த ஊட்டுலயாச்சும் அவ அழுகோணுமல்ல?"

ரூபினா மதியம்வரை அழுதாள். ஆண்கள் பந்தலுக்குத் திரும்பி நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். மேட்டுப்பாளையம், நிக்காஹ், வாழைத்தார் லோடு என்று அவர்கள் பேசியது கூடம்வரை நன்றாகவே கேட்டது. கோமளாவுக்கும் கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை.